படைத்தளங்கள் வீடுகளான கதை



'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழமொழி. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, இரவில் தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு, கடிதம் வந்து சேர ஒரு முகவரி. இந்த மூன்றும் இல்லாதவர்களையே 'வீடற்றோர்' என்கிறோம். உலகிலேயே பெரிய பொருளாதாரமும் வலிமை மிக்க படையும் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாட்டில், 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஓர் இரவு எடுத்த கணக்கின்படி 7,71,480 பேர் வீடற்றவர்களாக இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர் முன்னாள் படைவீரர்கள். ஒரு காலத்தில் நாட்டின் எல்லைகளைக் காத்தவர்களுக்கு நாட்டுக்குள்ளே தலைசாய்க்க இடமில்லை.

அதே நாட்டில் இன்னொரு காட்சியையும் காண்கிறோம். சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர் முடிவுக்கு வந்த காலத்தில், 'இத்தனை படைத்தளங்கள் இனி எதற்கு?' என்ற கேள்வி எழுந்தது. 1988, 1991, 1993, 1995 ஆகிய நான்கு சுற்றுகளில் 97 பெரிய தளங்களை மூட முடிவாயிற்று. 2005-இல் ஐந்தாவது சுற்றும் நடந்தது. வீரர்கள் போனார்கள். அவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் வாழ்ந்த வீடுகள், உணவுக்கூடங்கள், சிற்றாலயங்கள், விளையாட்டுத் திடல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

ஒரு பக்கம் ஆளில்லாத வீடுகள், மறுபக்கம் வீடில்லாத ஆட்கள். இவ்விரண்டையும் இணைக்க முடியாதா? முடியும் என்று ஒரு சட்டமே சொன்னது. அச்சட்டம் எப்படிப் பிறந்தது, எங்கே பலன் தந்தது, எங்கே தடுமாறியது என்பதை நாம் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சட்டம் பிறந்த விதம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1970-ஆம் ஆண்டு, பவுலிஸ்டு துறவு சபையைச் சேர்ந்த அருள்தந்தை எட் கினன் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். வன்முறையற்ற வழியில் அமைதிக்காகவும் ஏழைகளுக்காகவும் உழைப்பது அதன் நோக்கம். பின்னாளில் அக்குழுவில் சேர்ந்து அதன் முகமாகவே ஆனவர் மிட்ச் ஸ்னைடர். தலைநகரில் காலியாகக் கிடந்த மத்திய அரசுக் கட்டடம் ஒன்றை வீடற்றோர் தங்கும் விடுதியாகச் சீர்செய்து தர வேண்டும் என்று கேட்டு, 1984-இல் அவர் 51 நாள்கள் உண்ணாநோன்பு இருந்தார். அதிபர் தேர்தலுக்கு இரண்டு நாள்களே இருந்தபோது ரேகன் அரசு இறங்கி வந்தது.

1987 மார்ச் மாதம், கடுங்குளிரில், நாடாளுமன்ற உறுப்பினர்களும் திரைக்கலைஞர்களும் வீடற்றோருடன் ஓர் இரவு முழுவதும் வாஷிங்டன் தெருவில் படுத்துறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கனெக்டிகட் மாநிலத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்டூவர்ட் மெக்கின்னி. ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த அவர் அதே ஆண்டு மே மாதம் காலமானார். ஜூலை 22-ஆம் நாள் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட வீடற்றோர் உதவிச் சட்டத்திற்கு மெக்கின்னியின் பெயரே சூட்டப்பட்டது. இச்சட்டத்திற்காகப் பாடுபட்ட சனநாயகக் கட்சி உறுப்பினர் புரூஸ் வென்டோ 2000-ஆம் ஆண்டில் மறைந்தபின் அவர் பெயரும் சேர்ந்தது. இரண்டு எதிர்க்கட்சிக்காரர்களின் பெயர்கள் ஏழைகளுக்கான ஒரே சட்டத்தில் அருகருகே நிற்பது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று.

அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதிதான் நம் கட்டுரைக்கு முக்கியமானது. மத்திய அரசுக்குத் தேவைப்படாத நிலங்களையும் கட்டடங்களையும் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். அவற்றை விற்பதற்கு முன், வீடற்றோருக்குப் பணியாற்றும் அமைப்புகளுக்கு விலையின்றித் தர முன்வர வேண்டும். ஏலத்தில் கடைசியாக நிற்பவரை வரிசையில் முதலாவதாக நிறுத்தியது அந்தப் பகுதி.

நிலம் கைமாறும் முறை

படைத்தளங்கள் மூடப்படத் தொடங்கியபோது இந்த முன்னுரிமை ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஒரு தளம் மூடப்பட்டால் அதை நம்பியிருந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பார்கள். கடைகள் மூடப்படும். அந்த ஊர்கள், 'எங்களுக்கும் இந்த நிலம் வேண்டும், இங்கே தொழில் வளர வேண்டும்' என்று கேட்டன. அந்தக் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. எனவே 1994-இல் படைத்தளங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி நடைமுறை சுருக்கமாக இது:

முதலாவது, மூடப்படும் தளம் வேறு படைப்பிரிவுக்கோ மத்திய அரசுத் துறைக்கோ தேவையா என்று பார்க்கப்படும். தேவையில்லை என்றால் அது உபரி நிலமாக அறிவிக்கப்படும்.

இரண்டாவது, அந்த நகரமோ மாவட்டமோ சேர்ந்து ஓர் உள்ளூர் மறுசீரமைப்புக் குழுவை அமைக்கும். அக்குழு செய்தித்தாளில் விளம்பரம் செய்து, வீடற்றோருக்குப் பணியாற்றும் அமைப்புகளை அழைத்துத் தளத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் தங்கள் விருப்பத்தை எழுத்து வடிவில் தெரிவிப்பார்கள்.

மூன்றாவது, குழு ஒரு திட்டம் தீட்டி, பொதுமக்களின் கருத்தைக் கேட்டபின் அதை மத்திய அரசின் வீட்டுவசதித் துறைக்கு அனுப்பும். வீடற்றோரின் தேவையும் ஊரின் பிற தேவைகளும் நியாயமாகச் சமன்செய்யப்பட்டுள்ளனவா என்று அத்துறை பார்க்கும்.

நான்காவது, ஏற்கப்பட்ட வாக்குறுதிகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களாக எழுதப்படும். வீடற்றோருக்கான பகுதி விலையின்றிக் கைமாறும். தளத்துக்குள்ளே இடம் தராமல் வெளியே வேறு கட்டடமோ பணமோ தருவதற்கும் சட்டம் இடம் தருகிறது.

இதன் சாரம் என்ன? முன்பு ஏழைகளுக்கு முதல் உரிமை இருந்தது. இப்போது அவர்களுக்கு மேசையில் ஓர் இருக்கை இருக்கிறது. இருக்கையில் யார் வந்து அமர்கிறார்கள், எத்தனை காலம் எழுந்து போகாமல் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைந்தது. கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில், ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள மூன்று தளங்கள் இதற்குச் சான்று.

அலமேடா: போர் விமானம் நின்ற இடத்தில் நாற்றங்கால்

அலமேடா தீவின் கடற்படை விமானத்தளம் 1940-இல் திறக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்மீது குண்டுவீசச் சென்ற 16 விமானங்கள் இந்தத் தளத்தில்தான் ஹார்னெட் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. அரைநூற்றாண்டுக்கு மேல் ஊருக்கு வேலை தந்த அத்தளம் 1997 ஏப்ரலில் மூடப்பட்டது.

வீடற்றோருக்காக உழைத்த அமைப்புகள் தனித்தனியே மோதிக்கொள்ளாமல் ஒன்றுகூடின. 1999-இல் 'அலமேடா பாயின்ட் கொலாபரேட்டிவ்' என்ற கூட்டமைப்பு உருவானது. ஏறத்தாழ 34 ஏக்கர் பரப்பில், கடற்படைக் குடும்பங்கள் வாழ்ந்துவிட்டுப் போன 200 வீடுகள் வீடற்றோருக்குக் கிடைத்தன. சுமார் 500 பேர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். கணவனின் அடிக்குத் தப்பி வந்த தாய்மார்களுக்கென ஓர் அமைப்பும், முன்னாள் வீரர்களுக்கென ஓர் அமைப்பும் உள்ளேயே பணியாற்றின.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவ்வகை வீடுகள் ஓரிரவு தங்கும் சத்திரங்கள் அல்ல. குடியிருப்பவர் தம் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். பொதுவாக வருமானத்தில் 30 விழுக்காட்டை வாடகையாகத் தருகிறார். மீதியை அரசு ஈடுசெய்கிறது. அதோடு மருத்துவம், மனநலம், போதை மீட்பு, வேலைப் பயிற்சி ஆகியவற்றுக்கு உதவுபவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கூரையும் துணையும் சேர்ந்து கிடைப்பதால், திரும்பவும் தெருவுக்குப் போகிறவர்கள் குறைகிறார்கள்.

இந்தக் கூட்டமைப்பு அங்கே செடிகள் வளர்த்து விற்கும் ஒரு நாற்றங்காலைத் தொடங்கியது. குடியிருப்போர் அதில் வேலை கற்றுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பிளவ்ஷேர்ஸ்', அதாவது கலப்பைக் கொழு. போர்க்கருவிகள் உழவுக்கருவிகளாக மாறும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியை (எசா 2:4) நாம் ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் கேட்கிறோம். அலமேடாவில் அது ஒரு பெயர்ப்பலகையில் எழுதப்பட்டு, அதன் கீழே மண்வெட்டியோடு ஆட்கள் நின்றார்கள்.

டிரெஷர் தீவு: ஒன்றாக நின்றதன் பலன்

சான்பிரான்சிஸ்கோவுக்கும் ஓக்லாந்துக்கும் நடுவே உள்ள டிரெஷர் தீவு மனிதர் உருவாக்கியது. 1939-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கடலைத் தூர்த்து அமைத்தார்கள். பிறகு போர்க்காலத்தில் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. இத்தளமும் 1997-இல் மூடப்பட்டது.

தளம் மூடப்படுவதற்கு முன்பே, 1994-இல், வீடற்றோருக்கான அமைப்புகள் இங்கேயும் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்தன. அதில் சான்பிரான்சிஸ்கோ உயர்மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பிறரன்புப் பணி அமைப்பும், முன்னாள் படைவீரர்கள் 1974-இல் தொடங்கிய ஓர் அமைப்பும் உறுப்பினர்கள். அந்த வீரர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயரும் எசாயாவிடமிருந்து எடுத்ததே: 'வாள்கள் கலப்பைகளாக'. 1999 முதல் கடற்படையின் பழைய வீடுகளில் வீடற்ற குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. சுமார் 250 வீடுகள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன.

பின்னர் அத்தீவு முழுவதையும் 8,000 வீடுகள் கொண்ட புதிய நகரமாக்கத் திட்டம் வந்தபோது, பணக்காரர்களுக்கான கோபுரங்களுக்கு வழிவிட்டு ஏழைகள் வெளியேற்றப்படுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. ஆனால் கூட்டமைப்பு கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களுக்குக் கேடயமாயிற்று. வீடுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேல் குறைந்த வருமானத்தினருக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2023-இல் முன்னாள் வீரர்களுக்கான 105 புதிய வீடுகளும், அதையடுத்து மெர்சி ஹவுசிங் அமைப்பும் கத்தோலிக்கப் பிறரன்புப் பணி அமைப்பும் சேர்ந்து கட்டிய 138 வீடுகளும் திறக்கப்பட்டன. பழைய கடற்படை வீடுகளில் இருந்தவர்கள் புதிய வீடுகளுக்குச் சென்றார்கள்.

பிரசீடியோ: பாதி திறந்த கதவு

மூன்றாவது தளம் பிரசீடியோ. கோல்டன் கேட் பாலத்தின் அடியில், கடலைப் பார்த்த அழகான இடம். 1776-இல் ஸ்பானியர்கள் அமைத்த கோட்டை, 1846 முதல் அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. 1994 அக்டோபரில் தேசியப் பூங்காத் துறைக்கு மாறியது. அங்கே படைக்குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட நூற்றுக்கணக்கான வீடுகள் காலியாயின.

கத்தோலிக்கத் துறவி அருள்சகோதரி பெர்னி கால்வின் தலைமையில் பல சமயத்தவரும் சேர்ந்து, அந்த வீடுகளை இடிக்காமல் வீடற்றோருக்குத் தர வேண்டும் என்று போராடினார்கள். செபித்தார்கள், அமர்ந்து மறித்தார்கள், கைதாகிச் சென்றார்கள். ஆனால் 1996-இல் பிரசீடியோவுக்கென வந்த தனிச் சட்டம், 2013-க்குள் அந்தப் பூங்கா தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தது. கட்டளையை நிறைவேற்ற வாடகை தேவைப்பட்டது. நல்ல வாடகை தரக்கூடியவர்களுக்கே பெரும்பாலான வீடுகள் போயின.

கதவு முழுவதுமாக மூடிவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில் 'வாள்கள் கலப்பைகளாக' அமைப்பு அங்கே ஒரு குடியிருப்பைத் திறந்தது. தெருவில் வாழ்ந்த முன்னாள் வீரர்கள் சுமார் நூறு பேருக்கு அது வீடாயிற்று. அரிய இடத்தில் அருமையான பணி. ஆயினும் காலியாய் இருந்த வீடுகளோடு ஒப்பிட்டால் அது சிறு பங்கே.

மூன்று தளங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று விளங்குகிறது. ஏழைகள்மேல் இரக்கம் மூன்று இடத்திலும் இருந்தது. ஆனால் அலமேடாவிலும் டிரெஷர் தீவிலும் அந்த இரக்கம் தொடக்கத்திலேயே எழுத்து வடிவ உரிமையாக மாறியது. பிரசீடியோவில் அது கோரிக்கையாகவே நின்றது. வருமானம் தேவைப்பட்ட நாளில் கோரிக்கையைத் தள்ளிவைக்க முடிந்தது. ஒப்பந்தத்தை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

சியாட்டில்: காலம் தின்ற வாக்குறுதி

வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகருக்குச் செல்வோம். 1995-இல் மூடப்பட்ட சாண்ட் பாயின்ட் கடற்படைத்தளம் பெரும்பாலும் பூங்காவாக மாறியது. அதன் ஒரு பகுதியில் முன்பு வீடற்றிருந்தோருக்கான குடியிருப்புகள் அமைந்தன. ஆனால் தளத்தின் மிகப் பெரிய கட்டடமான பழைய வீரர் விடுதி பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. இரக்கத்தின் சகோதரிகள் 1981-இல் தொடங்கிய மெர்சி ஹவுசிங் அமைப்பு அதை எடுத்துச் சீர்செய்து, 2019-இல் குறைந்த வருமானத்தினருக்கான 148 வீடுகளாகத் திறந்தது.

அதே நகரில் லாட்டன் கோட்டை என்ற இடமும் உண்டு. 1970-இல், இது எங்கள் மூதாதையரின் நிலம் என்று சொல்லி, பெர்னி ஒயிட்பேர் தலைமையில் பூர்வகுடி மக்கள் அதன் வேலியைத் தாண்டி உள்ளே சென்றார்கள். அப்போராட்டத்தின் பலனாக அவர்களுக்கு அங்கே ஒரு பண்பாட்டு மையம் கிடைத்தது. கோட்டையின் பெரும்பகுதி பூங்காவாயிற்று. எஞ்சியிருந்த சுமார் 34 ஏக்கர் சேமப்படை முகாமை மூடுவதென்று 2005-இல் முடிவாயிற்று.

2008-இல் நகராட்சி ஒரு திட்டம் தீட்டியது. வீடற்ற முதியோருக்கான வீடுகளும் அதில் இடம்பெற்றன. அருகில் வசித்தவர்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு முறையாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அதற்குள் பொருளாதார நெருக்கடியும் வந்துவிட்டது. திட்டம் படுத்துவிட்டது. மறுபடியும் ஆய்வு, மறுபடியும் கூட்டங்கள். 2019 ஜூன் மாதத்தில்தான் நகர மன்றம் ஒருமனதாகப் புதிய திட்டத்துக்கு இசைவு தந்தது. வீடற்ற முதியோருக்கு 85 சிறு வீடுகள், குறைந்த வாடகை வீடுகள், எளியோர் சொந்தமாக வாங்கக்கூடிய வீடுகள் என மொத்தம் இருநூறுக்கும் மேற்பட்டவை அதில் அடங்கும். முதியோர் வீடுகளுக்குப் பொறுப்பேற்க முன்வந்தது அப்பகுதியின் கத்தோலிக்க வீட்டுவசதிப் பணியகம். பூர்வகுடிகளின் அமைப்பும் அதனுடன் கைகோத்தது. அதன்பிறகும் கட்டடப் பணி உடனே தொடங்கிவிடவில்லை.

2005-இல் 60 வயதில் தெருவில் இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2019-இல் அவருக்கு 74 வயது. திட்டங்கள் காத்திருக்கலாம். குளிரில் கிடக்கும் முதுமை காத்திருக்காது. ஆய்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலதாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மண்ணுக்குள் நஞ்சு, மேலே பழைய கூரை

இலவசமாய்க் கிடைத்த நிலம் செலவில்லாத நிலம் அல்ல. படைத்தளங்களில் பல ஆண்டுகளாக எரிபொருள் சிந்தியிருக்கும். விமான உதிரிபாகங்களைக் கழுவிய இரசாயனங்கள் மண்ணில் இறங்கியிருக்கும். அலமேடாவில், இருளில் ஒளிரும் விமானக் கருவிகளுக்குப் பூசிய ரேடியம் கழிவுநீர்க் குழாய் வழியே போயிருந்தது. 1999-இல் அத்தளம் நாட்டின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டிரெஷர் தீவில் கதிரியக்கத்தைக் கையாள்வது பற்றி மாலுமிகளுக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். தீவின் சில பகுதிகளில் கதிரியக்கப் பொருள்கள் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. கடற்படை பல ஆண்டுகளாகத் தூய்மைப் பணி செய்தது. அந்த ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்கள் கவலையோடுதான் வாழ்ந்தார்கள்.

வீடுகளும் பழையவை. அலமேடாவில் கடற்படை விட்டுச்சென்ற தண்ணீர்க் குழாய்களும் சாக்கடைகளும் காலம் கடந்து போனவை. பழுதுபார்ப்பதற்கே பணம் கரைந்தது. ஆகவே பழைய 200 வீடுகளுக்குப் பதிலாக 300-க்கும் மேற்பட்ட புதிய வீடுகளை வேறிடத்தில் அருகிலேயே கட்டக் கூட்டமைப்பு திட்டமிட்டது.

மற்றவர்க்கு வேண்டாததை ஏழைக்குக் கொடுப்பது எளிது. கிழிந்த சட்டையை அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிட்டு நிறைவடையும் பழக்கம் நம்மிடமும் உண்டு. இந்தத் தளங்களின் வரலாறு அதையும் தாண்டிப் போகச் சொல்கிறது. எஞ்சியதைக் கொடுப்பது தொடக்கமாக இருக்கலாம். நல்லதைக் கட்டிக்கொடுப்பதே நிறைவு.

"எங்கள் தெருவில் வேண்டாம்"

2019-இல் அலமேடாவில் இன்னொரு சோதனை வந்தது. கடற்கரைப் பூங்கா ஒன்றின் அருகே, இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த வளாகம் மத்திய அரசின் உபரிச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருந்தது. வீடற்ற முதியோருக்கான குடியிருப்பையும், மருத்துவமனையிலிருந்து வெளியேறியபின் போக இடமில்லாதவர்கள் தேறும்வரை தங்கும் மருத்துவ இல்லத்தையும் அங்கே அமைக்க அதே கூட்டமைப்பு முன்வந்தது. அருகில் வசித்தவர்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்த இடம் திறந்தவெளிப் பூங்காவாக வேண்டும் என்று கையெழுத்து திரட்டினார்கள். பாதுகாப்பு குறித்தும் அச்சம் பேசப்பட்டது.

ஏப்ரல் 9-ஆம் நாள் ஊரே வாக்களித்தது. முதியோர் இல்லத்துக்கு ஆதரவான தீர்மானம் வென்றது, எதிரான தீர்மானம் தோற்றது. இருபது ஆண்டுகளாக வீடற்றிருந்தோர் தங்கள் அண்டை வீட்டாராய் வாழ்ந்ததை அவ்வூரார் பார்த்திருந்தார்கள். அந்த அனுபவமும் வாக்குப்பெட்டியில் பேசியிருக்கும் என்றே நாம் நினைக்கிறோம்.

பங்குப் பணியில் நாமும் கேட்டுப் பழகிய சொல்தான் இது: "நல்ல காரியம்தான் சாமி, ஆனா நம்ம தெருவுல மட்டும் வேண்டாம்." இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். திருநாள் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி தருபவர்களும் இதைச் சொல்வதுண்டு. அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைத் திட்டிப் போக்க முடியாது. அருகில் இருந்து பழகித்தான் போக்க முடியும். அதற்கு யாராவது முதலில் கதவைத் திறக்க வேண்டும்.

திருஅவையின் குரல்

ஆயுதத்துக்குச் செலவாகும் செல்வம் ஏழைக்குத் திரும்ப வேண்டும் என்பது புதிய சிந்தனை அல்ல. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், நம் நாட்டு மண்ணில் நின்றுகொண்டே, படைச்செலவில் ஒரு பகுதியை எடுத்து உலக ஏழைகளுக்கான நிதி ஒன்றை அமைக்குமாறு நாடுகளை வேண்டினார். மக்களின் முன்னேற்றம் பற்றி 1967-இல் வெளியிட்ட சுற்றுமடலில் அதை மீண்டும் நினைவூட்டினார். உலகின் பொருள்கள் எல்லார்க்கும் உரியவை என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை அதற்கு அடித்தளம்.

மெக்கின்னி சட்டம் வந்த 1987-ஆம் ஆண்டையே ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் திருப்பீட நீதி, அமைதி ஆணையம், 'வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய்?' என்று காயினிடம் கடவுள் கேட்டதை நினைவூட்டும் தலைப்பில் ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடு என்பது விற்பனைப் பொருள் மட்டுமன்று, மனிதரின் அடிப்படை உரிமை என்று அது எடுத்துரைத்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியதும், அரசியல் தலைவர்களின் விருந்துக்குப் போகாமல், வாஷிங்டனில் வீடற்றோர் உணவருந்திய இடத்துக்குச் சென்று அவர்களோடு செபித்தார்.

நிறைவாக

ஒரு படைத்தளத்தை மூட ஓர் அரசாணை போதும். அதை வீடாக்க எவ்வளவு தேவைப்பட்டது என்று பார்த்தோம். உண்ணாநோன்பு இருந்த ஒருவர், சட்டம் இயற்றிய இருவர், தனித்தனியே ஓடாமல் சேர்ந்து நின்ற அமைப்புகள், மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்த தொழிலாளர்கள், இருபது ஆண்டுகள் விட்டுப் போகாத பணியாளர்கள், கடைசியில் பயத்தைத் தாண்டி வாக்களித்த சாதாரண ஊர்மக்கள். இவர்களில் ஒரு கண்ணி அறுந்த இடங்களில் வீடு சிறுத்தது அல்லது தாமதமானது.

நம் ஊரில் மூடப்பட்ட படைத்தளம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பூட்டிய கட்டடமும் பேருந்து நிலையத்தில் உறங்கும் மனிதரும் இல்லாத ஊர் ஏது?

அன்பியக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ள:

1. நம் பங்கு எல்லைக்குள் இரவில் வெளியே உறங்குபவர்கள் யார்? அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி நமக்குத் தெரியுமா?

2. நம் பங்குக்கோ அமைப்புகளுக்கோ சொந்தமான இடங்களில் பயன்படாமல் பூட்டிக் கிடப்பவை எவை?

3. 'நம் தெருவில் வேண்டாம்' என்று நாம் சொன்ன, அல்லது சொல்லாமல் நினைத்த நேரம் உண்டா? அன்று நாம் எதற்குப் பயந்தோம்?